தீர்த்தம் வரும் வழியில் ஒரு அரை மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் பிறந்தவள். இடம்பெயர்ந்திருந்த காலம் போக, மற்றெல்லாக் காலமும் இந்த ஊரிலேயே இருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றேன். இப்போது எழுபது தாண்டிவிட்டது.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் பற்றி உங்கள் பத்திரிகையில் வருடா வருடம் செய்தி வருகிறது. பொங்கலுக்கு மறுநாள் முதற்பக்கத்தில் சனக்கூட்டத்தின் படம் பெரிதாக இருக்கும். நல்ல விடயம். ஆனால் அம்மனின் பொங்கல் அந்த ஒரு இரவோடு முடிகிற காரியம் இல்லை. அதற்குப் பதினைந்து நாளுக்கு முன்னமே அது தொடங்கிவிடும். அந்த நாட்களில் ஒன்றைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். சரியாகச் சொன்னால், அந்த நாளில் ஒரு அரை மணி நேரத்தைப் பற்றி.

வெளியூர் வாசகர்களுக்காக ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் திங்கட்கிழமைக் கணக்கு. முதல் திங்கள் பாக்குத் தெண்டல், அதாவது பொங்கலுக்குப் பாக்குச் சேர்க்கும் சடங்கு. அடுத்த திங்கள் தீர்த்தம் எடுத்தல். அதற்கடுத்த திங்கள் வற்றாப்பளையில் பொங்கல். அதற்கு முதல்நாள் ஞாயிறு முள்ளியவளை காட்டா விநாயகருக்குப் பொங்கல். 2024 இல் பெரிய பொங்கல் மே 20 ஆம் திகதி வந்தது. அப்படியென்றால் மே 13 தீர்த்தம், மே 6 பாக்குத் தெண்டல்.

தீர்த்தம் எடுப்பது சிலாவத்தைக் கடற்கரையில். காட்டா விநாயகர் கோயிலில் இருந்து குடம் கொண்டு நடந்துபோய், கடல் தண்ணீரை எடுத்து, திரும்பவும் நடந்தே கொண்டுவருவார்கள். அந்த உப்புத் தண்ணீரில்தான் காட்டா விநாயகர் கோயிலில் ஏழு நாள் விளக்கு எரியும். பிறகு மடைப்பண்டத்தோடு, அதாவது படையல் பொருட்களோடு, எல்லாம் வற்றாப்பளைக்குப் போகும்.

ஏன் கடல் தண்ணீர் என்பதற்கு என் ஆச்சி சொன்ன கதை, ஊரில் எல்லாரும் சொல்லும் கதைதான். மதுரையை எரித்த கோபம் ஆறாமல் தாய் ஈழத்துக்கு வந்தா. ஒன்பது இடத்தில் தங்கி, பத்தாவதாக நந்திக்கடல் கரையில் வந்து இருந்தா. பத்தாம்பளை என்றதுதான் வற்றாப்பளை ஆனது. மாடு மேய்த்த பிள்ளைகள் அங்கே ஒரு கிழவியைக் கண்டார்கள். பசிக்கிறது என்றா. பிள்ளைகள் பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டுவிட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. "கடல் தண்ணியை விட்டுத் திரியைக் கொளுத்துங்கோ" என்றா. கொளுத்தினார்கள், எரிந்தது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பார் என்று ஒரு பிள்ளையிடம் சொன்னா. அந்தப் பிள்ளை மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண். பயந்து நிமிர்ந்தால் கிழவியைக் காணவில்லை. வைகாசித் திங்களில் திரும்பி வருவேன் என்ற சொல் மட்டும் நின்றது.

விஞ்ஞானம் படிப்பித்தவள் என்றபடியால் என்னிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்டிருக்கிறார்கள், "ரீச்சர், உப்புத் தண்ணி எப்படி எரியும்?" என்று. தண்ணீரைப் பற்றி வகுப்பில் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன். அந்த விளக்குக்கு முன்னால் நிற்கும்போது நான் ரீச்சராக நிற்பதில்லை, ஆச்சியின் பேத்தியாக நிற்கிறேன். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டுக் குழப்ப வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

சரி, அந்த அரை மணி நேரத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீடு தீர்த்தம் வரும் வழியில் இருக்கிறது. எனக்கு ஏழெட்டு வயதில், தீர்த்தத் திங்கள் பின்னேரம் ஆச்சி முற்றத்தைக் கூட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, படலையடியில் ஒரு சின்ன வாங்கை வைப்பா. அதன்மேல் வெள்ளைத் துணி, வாழையிலை, இலையில் நெல், நெல்லின்மேல் நிறைகுடம். பக்கத்தில் குத்துவிளக்கு. ஆனால் விளக்கைக் கொளுத்தமாட்டா. திரியை எண்ணெயில் ஊறவிட்டு, நெருப்புப் பெட்டியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு காத்திருப்பா. அப்போது எங்கள் வீதியில் மின்சாரம் இல்லை. எல்லாப் படலையடியிலும் இப்படி ஒவ்வொரு பெண் நிற்பது இருட்டில் வெள்ளைச் சேலையால் மட்டும் தெரியும்.

வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கிவிடும். தீர்த்தம் வருவது கடல் பக்கத்தில் இருந்து, காற்று அடிப்பது அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்து. ஆகவே சத்தம் பிந்தித்தான் காதில் விழும். ஆச்சி பனை ஓலை சரசரப்பதைக் கேட்டுவிட்டு, "காத்துக் கூட. பறை கேட்டால் ஆக்கள் கிட்ட வந்திட்டினம் எண்டு அர்த்தம்" என்பா. அதனால் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. குழந்தை அழுதால் உள்ளே கொண்டுபோவார்கள். நாயைக் கட்டுவார்கள். நான் ஒருமுறை தங்கச்சியோடு சண்டை பிடித்துக் கத்தியபோது ஆச்சி அடிக்கவில்லை, ஏசவில்லை. என் வாயில் தன் உள்ளங்கையை வைத்து, "தண்ணி வருகுது" என்று மட்டும் சொன்னா. கையில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் மணத்தது.

பிறகு பறை கேட்கும். முதலில் இருக்கிறதா இல்லையா என்ற மாதிரி. பிறகு தெளிவாக. அந்தச் சத்தம் தெளியத் தெளிய விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். தூரத்துப் படலையில் ஒன்று, இந்தப் பக்கத்தில் ஒன்று, பிறகு எங்கள் படலையில். தீர்த்தக் குடம் எங்களைக் கடக்கும்போது ஆச்சி கும்பிட்டபடி குனிவா, நிமிரமாட்டா. கடந்து போய்ப் பறை மங்கிய பிறகுதான் வீதியில் பேச்சுக் கேட்கும்.

இதைக் கட்டளை என்று எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. ஆச்சிமார் பேரப்பிள்ளைகளின் வாயில் கை வைத்துத்தான் இது இவ்வளவு காலம் வந்தது.

சென்ற வருடம் தீர்த்தத் திங்கள் அன்று எங்கள் வீட்டுக்குக் கிட்டிய சந்தியில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி இன்னொன்று. இரண்டிலும் ஆளுயரப் பெட்டிகள். ஒன்றில் ஒரு அம்மன் பாட்டு, மற்றதில் இன்னொரு அம்மன் பாட்டு, இரண்டும் சினிமா மெட்டு. நான் நிறைகுடம் வைத்து, திரி ஊறவிட்டு, முழங்கால் வலியால் வாசல் கதிரையில் இருந்தேன். பறைக்குக் காது கொடுத்தபடிதான் இருந்தேன். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது, பறை கேட்கவில்லை. போன் வெளிச்சங்களை வீதியில் கண்டு எழும்பி ஓடிவந்தேன். குடம் என் படலையைக் கடந்து நாலு வீடு போய்விட்டது. என் விளக்கு கொளுத்தாமலே நின்றது. ஊரில் இருந்த வருடங்களில் இப்படி நடந்தது இதுதான் முதல் தடவை. நெருப்புப் பெட்டி கையில் இருக்க, முதுகுப் பக்கத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்து படுத்தேன். நித்திரை வரவில்லை.

மறுநாள் காலை பந்தலுக்குப் போனேன். கோபத்தோடுதான் போனேன், மறைக்கவில்லை. அங்கே நின்ற பொடியன்களில் ஒருவர் என்னிடம் படித்த பிள்ளை. வெற்றுக் குவளைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு, மிச்சம் இருந்த மோரில் ஒரு குவளை தந்தார். விடிய விடிய நின்றிருக்கிறார்கள் என்பது கண்ணில் தெரிந்தது. நடந்து வருகிறவர்களுக்கு மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்திருக்கிறார்கள், காசு சேர்த்தது அவர்களே. அதைப் பார்த்த பிறகு குரலை உயர்த்த எனக்கு வாய் வரவில்லை.

"தம்பி, தீர்த்தம் வரேக்க பாட்டை நிப்பாட்டுறேல்லையா?" என்று கேட்டேன்.

"அதும் அம்மன் பாட்டுத்தானே ரீச்சர்" என்றார்.

நான் ஆச்சியின் கதையைச் சொன்னேன். பறைக்குக் காது கொடுத்துக் காத்திருப்பதைச் சொன்னேன். அவர் குவளையைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சொன்னார், "இது எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை ரீச்சர்."

அந்தச் சொல்லுக்குப் பிறகு என் கோபம் அவரிடம் நிற்கவில்லை. 2009 இல் அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது. தீர்த்தத்துக்குப் படலையடியில் நின்று பழக வேண்டிய வயதில் அவருக்குப் படலையே இருக்கவில்லை. பதுங்குகுழி இருந்தது, பிறகு செட்டிகுளத்தில் கூடாரம் இருந்தது. வாயில் கை வைக்க வேண்டிய ஆச்சி இருந்தாரோ இல்லையோ, நான் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பி வந்த பிறகு நாங்கள் கூரை போட்டோம், கிணறு இறைத்தோம், காணி உறுதி தேடி அலைந்தோம். இந்தச் சின்ன விடயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மறந்துபோனோம். பிழை என்னைப் போன்றவர்களிடம்தான் தொடங்குகிறது.

மறந்துபோகக் கூடிய விடயமும் இல்லை இது. 2005 வைகாசியை நான் நினைத்துப் பார்க்கிறேன். அதற்கு முந்தின வருடம் டிசம்பர் 26 இல் அந்தக் கடல்தான் முல்லைத்தீவுக் கரையை அள்ளிக்கொண்டு போனது. ஐந்தே மாதம். அந்த முறை நான் படலையில் நிற்காமல் சிலாவத்தைக்கே நடந்து போனேன். கரையில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா. யாரைக் கொடுத்தாவோ. தண்ணீர் எடுத்து முடிந்து குடம் கரைக்கு ஏறும் வரைக்கும் அவ திரும்பவில்லை. குடம் கடந்தபோது திரும்பிக் குடத்தை மட்டும் பார்த்துக் கும்பிட்டா. கடலைப் பார்க்கவில்லை. அவ்வளவு சனம் நின்ற கரையில் அலைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அந்த அமைதி இல்லாவிட்டால் அந்தப் பெண்ணால் அங்கே நின்றிருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது.

2009 வைகாசியில் நாங்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். அம்மாவுக்கு அப்போது எண்பதுக்குக் கிட்ட. பொங்கல் திங்கள் என்று நாள் எண்ணி வைத்திருந்தா. மீன் ரின் ஒன்றை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் விட்டு, சமையலுக்கு வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை போட்டா. மேலே நிவாரணத்துக்குத் தந்த எண்ணெயில் கொஞ்சம். பழஞ்சேலையைக் கிழித்துத் திரி. "தாய் கோபிக்கமாட்டா" என்று சொல்லிக்கொண்டு கொளுத்தினா. கூடாரத்துக்குள் காற்று, இரண்டு தரம் அணைந்தது. மூன்றாம் தரம் கொளுத்த முன்னம் அம்மா பக்கத்துக் கூடாரங்களைப் பார்த்து ஒரு விரலை உதட்டில் வைத்தா. அங்கே யாரும் எங்கள் ஊர் ஆட்கள் இல்லை, கிளிநொச்சிப் பக்கம், மன்னார்ப் பக்கம். ஆனாலும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். சுடர் நேராகும் வரைக்கும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முள்வேலிக்குள் அம்மாவால் அதைச் செய்விக்க முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் கண்ணகி கோயில்கள் நிறைய இருந்தன. ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டை ஏற்கவில்லை, சமணப் பெண்ணைக் கும்பிடுவதா என்று கண்டித்தார். காலப்போக்கில் அங்கே பல கோயில்கள் இராசராசேசுவரி என்றும் புவனேசுவரி என்றும் பெயர் மாறின. நாவலர் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. இந்த ஒரு விடயத்தில் என் மனம் அவரோடு போகவில்லை. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அவ கண்ணகியாகவே இருந்தா. சிங்களச் சனம் பத்தினித் தெய்யோ என்று கும்பிடுவதும் அவவைத்தான். எங்களிடம் அவவின் பெயரைக் காத்தது ஆகமம் இல்லை. பாக்கும் வெற்றிலையும் கொண்டு போகிற கை, உப்புத் தண்ணீர் சுமக்கிற தோள், கண்ணகி கதையைச் சொல்லும் சிலம்பு கூறலைப் படிக்கிற குரல், பறை அடிக்கிறவரின் விரல். இவர்கள் பரம்பரையாகச் செய்கிறார்கள். படலையடியில் வாய் மூடி நிற்பது ஒன்றுதான் மற்ற எல்லாருக்கும் கொடுத்த பங்கு. அதையும் ஒலிபெருக்கியிடம் கொடுத்துவிட்டால் எங்கள் பங்கு என்ன?

என் ஐயா இளம் வயதில் கோவலன் கூத்தில் கண்ணகியாக ஆடினவர். கூத்துக்கு முன்னம் ஒரு மாதம் மச்சம் மாமிசம் தொடமாட்டார். மீசையை வழித்த அன்று தொடக்கம் அம்மா அவரோடு அதிகம் பேசமாட்டா. களரியில் மைக் இல்லை. ஆனாலும் கடைசி வரிசையில் பாய் விரித்துக் கிடந்த கிழவிகளுக்கும் அவர் குரல் கேட்டது. பெரிய குரல் என்று சொல்லமுடியாது, சாதாரணக் குரல்தான். சிலம்பை உடைக்கும் இடத்தில் மத்தளம் நிற்கும். சனம் அசையாது. அந்த நிமிடத்தைப் பற்றிக் கேட்டால் ஐயா, "நான் ஒண்டும் செய்யேல்லை, சனம் கேட்டது" என்று சொல்வார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தீர்த்தம் வரும் இரவிலும், மடைப்பண்டம் வற்றாப்பளைக்குப் போகும்போதும், பறைச் சத்தம் கிட்ட வருகிறது என்று தெரிந்தவுடன் வழியில் உள்ள பந்தல்காரர் பாட்டை நிறுத்த வேண்டும். கடந்து போன பிறகு திரும்பப் போடலாம். ஒரு பந்தலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போகாது. பந்தல் வேண்டாம், பாட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்தும் வவுனியாவில் இருந்தும் நடந்து வருகிறவர்களின் கால் எனக்குத் தெரியும், அவர்களுக்கு மோர் கொடுப்பது பெரிய புண்ணியம். எப்போது நிறுத்துவது என்று தெரியாவிட்டால், முன்னுக்குச் சைக்கிளில் ஒரு ஆளை விட்டால் போதும். ஊரில் சைக்கிளுக்குப் பஞ்சம் இல்லை.

போனில் படம் எடுக்கிறவர்களுக்கும் ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றுதான் எடுக்கிறீர்கள், என் மகனும் கனடாவில் இருந்து கேட்கிறான். எடுங்கள். ஆனால் வெளிச்சத்தை அணைத்துவிட்டு எடுங்கள். குடம் சுமக்கிறவரின் கண்ணில் அந்த வெளிச்சம் அடிக்கிறது, அவர் வெறுங்காலோடு நடந்து வருகிறார். படலையில் எரிகிற விளக்கு வெளிச்சத்தில் என்ன தெரிகிறதோ அதுவே போதும் என்று நான் மகனுக்கும் சொல்லிவிட்டேன்.

என் வயதுக்காரர்களுக்கு: உங்கள் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஏன் பேசக்கூடாது என்று கேட்பார்கள். தெரிந்த கதையைச் சொல்லுங்கள், பன்னிச்சை மரம் ஆடிப் பறங்கித் துரைக்குக் காய் எறிந்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும். பறை கேட்டதும் கதையை நிறுத்திவிடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பொங்கலுக்கு மறுநாள் போடும் படத்தோடு நில்லாமல், மூன்று திங்களின் திகதிகளையும் முன்கூட்டியே போடுங்கள். இந்தக் கடிதத்தைப் பாக்குத் தெண்டலுக்கு முதல் வாரம் பிரசுரித்தால் பெரிய உதவி. பந்தல் போடுகிற பொடியன்கள் அந்தக் கிழமைதான் கூடிக் காசு சேர்ப்பது பற்றிக் கதைப்பார்கள். என்னிடம் படித்த அந்தத் தம்பி, பேப்பரில் வந்தால் வெட்டிப் பந்தல் கப்பில் ஒட்டிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
முள்ளியவளை.